தண்ணீர் குடிக்கும் பழைய கார்: ஒட்டுமருந்தா, ஈயமா, கோர் மாற்றலா, றீகண்டிசனா, புதுசா?

காலையில் ரேடியேற்றர் மூடியைத் திறந்தால் அரை லீற்றர் குறைந்திருக்கிறது. நிரப்பிவிட்டு ஓடினால் மறுநாளும் அதே கதை. கராஜில் கேட்டால் ரேடியேற்றரை மாற்றச் சொல்கிறார்கள். பார்ட்ஸ் கடையில் கேட்டால் ஒரு போத்தல் ஒட்டுமருந்தை நீட்டுகிறார்கள். வவுனியாவில் ஈயம் பிடித்தால் (உருக்கிய ஈயத்தால் ஓட்டையை அடைத்தால்) சரியாகிவிடும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அவரவர் கண்ட வண்டிக்கு மூவர் சொல்வதும் சரியாகவே இருந்திருக்கும். உங்கள் வண்டிக்கு எது சரி என்பதற்குத்தான் இந்த ஒப்பீடு.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. திறந்த பிறகும் வரியோடு சேர்ந்த விலை பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாத உயரத்தில் நிற்கிறது. அதனால் கொரோலா 110, நிசான் சனி, லான்சர், மாருதி 800, டொல்பின் ஹையேஸ், டவுன்ஏஸ் எல்லாம் வன்னியில் இன்னும் பல காலம் ஓடத்தான் வேண்டும். இருபத்தைந்து வயது தாண்டிய வண்டிக்கு எவ்வளவு செலவழிப்பது நியாயம் என்று யோசிக்கும்போது இதையும் கணக்கில் எடுங்கள். விற்றுவிட்டு வேறு வாங்கலாம் என்பது இப்போது லேசான வழி அல்ல.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

விலை கடைசியில் வரட்டும். முதல் கேள்வி, தண்ணீர் எங்கிருந்து போகிறது என்பது. ரேடியேற்றரே காரணம் இல்லாவிட்டால் கீழே வரும் ஐந்து வழிகளில் எதுவும் உங்களுக்கு உதவாது.

அடுத்தது ரேடியேற்றரின் வகை. பித்தளைத் தொட்டியும் செப்புக் கோரும் (தண்ணீர் ஓடும் மெல்லிய குழாய்களும் அவற்றுக்கிடையே தகடுகளும் உள்ள நடுப்பகுதி) உள்ள பழைய வகை ஈயம் பிடிக்கும். மேலும் கீழும் கறுப்புப் பிளாஸ்ரிக் தொட்டி, நடுவே அலுமினியக் கோர் என்று வரும் வகை ஈயம் பிடிக்காது. பித்தளைக்கும் கறுப்புப் பெயின்ற் அடித்திருப்பார்கள், ஆகவே நிறத்தை நம்பாமல் தொட்டியின் ஓரத்தைக் கத்தி நுனியால் லேசாகச் சுரண்டுங்கள். மஞ்சள் தெரிந்தால் பித்தளை. தொட்டியும் கோரும் சேருமிடத்தில் சிறு சிறு உலோகப் பற்கள் மடித்திருந்தால் அது பிளாஸ்ரிக் வகை.

மூன்றாவது, வண்டி எங்கே ஓடுகிறது. கிளிநொச்சி நகருக்குள் பாடசாலைக்கும் சந்தைக்கும் போய்வரும் காருக்கும், முல்லைத்தீவிலிருந்து நோயாளியை ஏற்றிக்கொண்டு வவுனியா ஆஸ்பத்திரிக்கு ஓடும் ஹயர் வானுக்கும் ஒரே விடை இருக்க முடியாது. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்கு ஏறத்தாழ 50 கிலோமீற்றர். இடையில் இரவு எட்டு மணிக்கு வண்டி நின்றால் கராஜும் இல்லை, சில பகுதிகளில் யானை நடமாட்டமும் உண்டு. தூரமும் இருட்டும் செலவோடு சேர்ந்தவைதான்.

நான்காவது, இதுவரை என்ன தண்ணீர் ஊற்றினீர்கள். இதைப் பலர் கேட்பதே இல்லை. வன்னியில் தீர்மானத்தை அதிகம் மாற்றுவது இதுதான் என்பதால் கீழே தனியாகவே எழுதியிருக்கிறது. ஐந்தாவது, வண்டி எத்தனை நாள் நிற்கலாம் என்பது.

## முதலில் ஒழுக்கைப் பிடியுங்கள்

எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூடான மூடியைத் திறக்கவே கூடாது. மூடியில் 0.9 என்றோ 1.1 என்றோ எழுதியிருக்கும், அது உள்ளே தாங்கும் அழுத்தம். 0.9 பார் அழுத்தத்தில் தண்ணீர் 118 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திருகிய நொடியில் அந்த அழுத்தம் போய், 100 பாகைக்கு மேல் நின்ற தண்ணீர் அப்படியே கொதித்து முகத்தில் பாயும்.

கழுத்துவரை நிரப்புங்கள். ரேடியேற்றரோடு குழாயால் இணைந்த பக்கத்துப் போத்தலில் தண்ணீர் நிற்கும் மட்டத்தை மார்க்கர் பேனையால் கோடிடுங்கள். இரவு வண்டிக்குக் கீழே பெரிய காட்போட் மட்டையை விரித்து, சக்கரங்களின் இடத்தைக் குறித்துவிடுங்கள். காலையில் துளி விழுந்த இடம் பாதி விடையைச் சொல்லும். முன்னால் நடுவில் என்றால் ரேடியேற்றர் அல்லது கீழ் ஹோஸ். பெல்ற் ஓடும் பக்கம் என்றால் வோட்டர் பம்ப். எஞ்சினுக்கும் கபினுக்கும் இடையில் என்றால் ஹீற்றர் ஹோஸ் அல்லது பின்பக்கக் கோர் பிளக் (எஞ்சின் புளொக்கின் துளையை அடைக்கும் தகட்டு மூடி). மட்டை காய்ந்திருந்து, முன் இருக்கைக்குக் கீழே காப்பெற் ஈரமாகி, கண்ணாடியில் பிசுபிசுப்பாகப் புகார் படிந்து இனிப்பு வாசம் வந்தால் டாஷ்போட்டுக்குள் இருக்கும் ஹீற்றர் கோர் (கபினைச் சூடாக்கும் சிறு ரேடியேற்றர்). ஜப்பானிலிருந்து வந்த கார்களில் அது இருக்கும், நாம் பாவிப்பதில்லை என்பதால் மறந்துபோகிறோம். ஏசி போட்டு ஓடிய பின் சொட்டும் நிறமற்ற, வாசமற்ற தண்ணீர் ஒழுக்கு அல்ல.

துளியே விழாமல் தண்ணீர் குறைவதும் உண்டு. சூடான எஞ்சினில் பட்டு ஆவியாகிவிடும். ஆனால் தடம் விட்டுப்போகும்: கூலன்ற் என்றால் பச்சை அல்லது ரோஸ் பொருக்கு, கிணற்றுத் தண்ணீர் என்றால் வெள்ளைச் சுண்ணாம்புக் கோடு. எஞ்சின் பகுதியைக் கழுவிக் காயவிட்டு, சந்தேகமான மூட்டுகளில் குழந்தைப் பவுடரைத் தூவி, பத்து நிமிடம் ஓட விடுங்கள். ஈரம் பட்ட இடத்தில் பவுடர் உடனே கறுக்கும். செம்மண் தூசி பிடித்த எஞ்சினில் இதைவிட மலிவான வழி இல்லை.

இதற்கு மேல் அழுத்தச் சோதனை. ரேடியேற்றர் கழுத்தில் பூட்டும் கைப்பம்ப் உள்ள கராஜைத் தேடுங்கள். மூடியில் உள்ள எண் 0.9 என்றால் 0.9 வரைதான் ஏற்ற வேண்டும். கூட ஏற்றினால் பழைய பிளாஸ்ரிக் தொட்டி சோதனையிலேயே வெடித்துவிடும். பத்து நிமிடம் ஊசி அசையாமல் நின்றால் வெளி ஒழுக்கு இல்லை. அதே பம்பில் மூடியையும் சோதிக்கச் சொல்லுங்கள். ரப்பர் இறுகிய மூடியால் தண்ணீர் போத்தலுக்குத் தள்ளப்பட்டு வழிந்து போகும் வண்டிகளுக்கு ரேடியேற்றரே மாற்றிவிடுகிறார்கள்.

வெளியே ஒன்றுமில்லை, ஆனாலும் தண்ணீர் குறைகிறது என்றால் ஹெட் கஸ்கற்றை (எஞ்சின் புளொக்குக்கும் அதை மேலே மூடும் ஹெட்டுக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) பாருங்கள். ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்ரார்ட் செய்ததும் கழுத்தில் விடாமல் குமிழி வருகிறதா? குளிர்ந்த எஞ்சின் ஓரிரு நிமிடம் ஓடியதுமே மேல் ஹோஸ் கல்லாகிறதா? ஒயில் மூடியின் உட்பக்கம் பால் நிறமா? சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகையா? இவற்றில் ஒன்று இருந்தாலும் ரேடியேற்றருக்கு ஒரு ரூபாவும் செலவழிக்காதீர்கள். ஹெட்டைக் கழற்றி, லேத்தில் மட்டம் பார்த்து, புதுக் கஸ்கற் போடும் வேலை அது. எந்த ஒட்டுமருந்தும் அதைத் தீர்க்காது.

ஓட்டோமற்றிக் வண்டியில் ரேடியேற்றர் தண்ணீர் ரோஸ் நிறப் பாலாக மாறினால் கியர் ஒயில் கலந்துவிட்டது. அந்த நிமிடமே ஓட்டத்தை நிறுத்துங்கள். தாமதித்தால் கியர்பெட்டியும் போகும்.

## ரேடியேற்றர்தான் என்று உறுதியான பின்

| வழி | எந்த வகைக்கு | செலவு | மறைந்த செலவு | வண்டி நிற்கும் காலம் | எவ்வளவு நம்பலாம் |
|---|---|---|---|---|---|
| ஒட்டுமருந்து | கோரில் ஊசித்துளை மட்டும் | மிகக் குறைவு | ஹீற்றர் கோரும் மெல்லிய குழாய்களும் அடைபடும் | அரை மணித்தியாலம் | வீடு போய்ச் சேரும் வரை |
| ஈயம் பிடித்தல் | பித்தளை, செம்பு | குறைவு | கழற்றிப் பூட்டும் கூலி, பக்கத்து மூட்டு விடுதல் | 1 நாள் | கோர் நல்லதென்றால் வருடக்கணக்கில் |
| கோர் மாற்றல் | பித்தளைத் தொட்டி | நடுத்தரம் முதல் கூட | தரமற்ற கோர், அளவு தேடும் நாட்கள் | 2 நாளும் அதற்கு மேலும் | மிக நன்று |
| றீகண்டிசன் (ஜப்பானில் கழற்றிய பாவித்தது) | எதுவும் | நடுத்தரம் | வயது தெரியாத பிளாஸ்ரிக் | அரை நாள் | அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது |
| புதியது | எதுவும் | கூட | ஹோஸ், மூடி, கூலன்ற் சேர்ந்து வரும் | அரை நாள் | நன்று, பொருந்தினால் |

ரூபாக் கணக்கை இங்கே எழுதவில்லை, அது டொலரோடு மாதாமாதம் மாறுகிறது. விலை கேட்கும்போது பாகத்தின் விலையை மட்டும் கேளாமல் கூலி, கூலன்ற், ஹோஸ், கிளிப் எல்லாம் சேர்த்துக் கேளுங்கள்.

## ஒட்டுமருந்து

போத்தலுக்குள் இருப்பது மெல்லிய நார், உலோகத் துகள், அல்லது சூட்டிலும் காற்றுப் பட்டும் இறுகும் சிலிக்கேற் திரவம். துளையால் வெளியேறும் இடத்தில் தங்கி அடைப்பதுதான் அதன் வேலை. துளை எது, குழாய் எது என்று அதற்குத் தெரியாது. ஏற்கெனவே சுண்ணாம்பு படிந்து ஒடுங்கிய குழாய்களுக்குள் போனால் அவற்றையும் சேர்த்து அடைக்கும். மஞ்சள்தூள் கொட்டுவதும் இதே வேலைதான், இன்னும் மோசமாக.

பிளாஸ்ரிக் தொட்டியின் வெடிப்பு சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கும், அங்கே எந்த மருந்தும் தங்காது. ஹோஸிலும் பம்பிலும் ஒழுகினால் அதற்கும் பயனில்லை. ரேடியேற்றர் கழுத்துக்குள் ரோச் அடித்துப் பார்க்கும்போது குழாய் வாய்களில் வெள்ளைப் படிவு தெரிந்தால் போடவே வேண்டாம். ஒயில் கூலர் உள்ள டீசல் வானுக்கும் வேண்டாம்.

எப்போது சரி? கோரில் ஊசித்துளை, ஊர் தூரம், வேறு வழியில்லை. போத்தலில் எழுதிய அளவுக்கு மேல் ஊற்றாமல், ஹீற்றர் வால்வைப் பூட்டி வைத்து, 15 முதல் 20 நிமிடம் மெதுவாக ஓடவிடுங்கள். சில வகைகளை கூலன்றோடு கலக்கக்கூடாது என்று எழுதியிருக்கும், அதை வாசியுங்கள். வீடு வந்த கிழமைக்குள் எல்லாவற்றையும் கழுவி வெளியேற்றி உண்மையான திருத்த வேலையைச் செய்யுங்கள். பின்னர் ஈயம் பிடிக்கப் போகும்போது மருந்து போட்டதை மறைக்காதீர்கள். உள்ளே சுத்தம் செய்யாமல் பற்றினால் ஈயம் ஒட்டாது.

உண்மையில் டிக்கியில் ஒட்டுமருந்துப் போத்தலை விட 5 லீற்றர் கான் இரண்டு தண்ணீரும், ஒரு சைக்கிள் டியூப் துண்டும், இரண்டு ஹோஸ் கிளிப்பும் வைத்திருப்பது மேல். வெடித்த ஹோஸுக்கு டியூப்பை நீளவாக்கில் வெட்டி இறுகச் சுற்றி இருபுறமும் கிளிப் போட்டால் ஊர் வந்து சேரலாம். ஒழுகும் ரேடியேற்றரோடு வரவேண்டி வந்தால், எஞ்சின் ஆறிய பின் மூடியை முதல் பிடியில் மட்டும் நிறுத்துங்கள். அழுத்தம் ஏறாததால் ஒழுக்குக் குறையும். ஆனால் கொதிநிலையும் குறைந்துவிடும், ஆகவே ஏசி இல்லாமல், மெதுவாக, ஹீற் மீற்றரைப் பார்த்தபடி, 10 கிலோமீற்றருக்கு ஒரு தடவை நின்று ஆறவிட்டு நிரப்பி வாருங்கள். மீற்றர் அரைவாசியைத் தாண்டினால் நிற்க வேண்டும். அடுத்த சந்தி வரை என்று இழுத்தால் ஹெட் வளையும்.

## ஈயம் பிடித்தல்

பித்தளை ரேடியேற்றர் வைத்திருப்பவர்களுக்கு இதுதான் முதல் தெரிவு. பழைய வான்களிலும் லொறிகளிலும் இன்னும் நிறைய இருக்கிறது. நல்ல பட்டறையில் வேலை இப்படிப் போகும்: ரேடியேற்றரைக் கழற்றி, காஸ்ரிக் சோடாத் தொட்டியில் அவித்து, வாய்களை அடைத்துத் தண்ணீரில் அமிழ்த்திக் காற்று ஏற்றி, குமிழி வரும் இடத்தைக் குறித்து, அந்த இடத்தை உலோகம் மின்னும் வரை சுரண்டி, பிளக்ஸ் பூசி, ஈயம் ஓட்டி, திரும்பவும் தண்ணீரில் சோதிப்பார்கள். இரண்டு சோதனையையும் நேரில் நின்று பாருங்கள். அதற்காக யாரும் கோபிக்க மாட்டார்கள்.

கெடுவது பெரும்பாலும் இரண்டு காரணத்தால். அழுக்குக்கு மேலே ஈயம் ஓட்டினால் பார்வைக்கு வடிவாக இருக்கும், ஒரு மாதத்தில் தோலாகக் கழன்று வரும். தீயைக் கூட நேரம் பிடித்தால் பக்கத்துப் பழைய மூட்டு இளகும், திருத்திய இடம் நிற்க, அடுத்த இடம் ஒழுகத் தொடங்கும். கோருக்குள் ஒழுகும் குழாயை இரு முனையிலும் அடைத்துவிடுவதும் வழக்கம். ஒன்றிரண்டு குழாய் போனால் பாதகமில்லை. பத்தில் ஒன்றுக்கு மேல் அடைக்கவேண்டி வந்தால் நிறுத்திவிட்டுக் கோர் மாற்றச் சொல்லுங்கள், நண்பகல் வெயிலில் ஏசியோடு ஓடும்போது அந்தக் குறை தெரியும்.

தொட்டியைத் திறந்திருக்கும்போதே குழாய்களுக்குள் மெல்லிய தகட்டுக் கம்பி விட்டுத் தட்டச் சொல்லுங்கள். கிணற்றுத் தண்ணீரில் ஓடிய வண்டிக்கு ஒழுக்கைத் திருத்துவதைவிட இதுவே கூடப் பயன் தரும்.

அலுமினியக் கோரைக் காஸ்ரிக் சோடாவில் போடவே கூடாது, அது அலுமினியத்தைக் கரைக்கும். பிளாஸ்ரிக் தொட்டியின் வெடிப்பில் அரல்டைட் பூசுவதும் காசை வீணாக்குவதே. அந்த நைலோனில் எபொக்சி சரியாகப் பிடிப்பதில்லை, இரண்டும் சூட்டில் வேறு வேறு அளவில் விரிவதால் கிழமைக்குள் விட்டுவிடும். ஆனால் மடிப்பு ஓரத்தில் மட்டும் ஒழுகினால் திருத்த முடியும்: பற்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, தொட்டியை எடுத்து, புது ரப்பர் வளையம் போட்டுத் திரும்ப மடிக்கலாம். அதற்கு முன் தொட்டியின் நிறத்தைப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் செய்யலாம். கபில நிறமாகி நகத்தால் கீறும்போது தூள் வந்தால் அந்தப் பிளாஸ்ரிக் வெந்துபோய்விட்டது, இன்று ஓரம் நிற்கும், நாளை மேல் ஹோஸ் பூட்டும் கழுத்து உடையும்.

## கோர் மாற்றல்

தொட்டி நல்லது, கோர் போய்விட்டது என்றால் பழைய பித்தளைத் தொட்டிகளுக்கு நடுவே புதுச் செப்புக் கோர் போடலாம். ஹயர் ஓடும் டீசல் வானுக்கு இதைவிட நல்ல முதலீடு இல்லை. அடுத்த தடவை ஒழுகினாலும் திருத்தலாம். ஏமாறுமிடம் ஒன்று: செட்டை (குழாய்களுக்கிடையே உள்ள மெல்லிய தகடு) ஐதான மலிவுக் கோர். பார்வைக்குப் புதிது, குளிர்விப்பது பழையதைவிடக் குறைவு. பழைய கோரில் ஓர் அங்குலத்துக்குள் எத்தனை செட்டை, எத்தனை வரிசைக் குழாய் என்று எண்ணிக்கொண்டு போங்கள். புதியதில் அதைவிடக் குறையக்கூடாது. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ அளவு கிடைக்காமல் வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ ரேடியேற்றரை அனுப்பவேண்டி வரலாம், அந்தப் போக்குவரத்தையும் நிற்கும் நாட்களின் ஹயர் இழப்பையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

## றீகண்டிசன்

ஜப்பானில் கழற்றிய ரேடியேற்றர் பெரும்பாலும் முறையான கூலன்றில் ஓடியிருக்கும், ஆகவே உட்புறம் நம்முடையதைவிடச் சுத்தமாக இருக்கக்கூடும். ஆனால் பிளாஸ்ரிக் தொட்டிக்கு வயது ஓடிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. உங்கள் காருக்கு இருபத்தைந்து வயது என்றால் அதற்கும் கிட்டத்தட்ட அதே வயதாக இருக்கலாம்.

வாங்குமுன் கழுத்துக்குள் ரோச் அடித்துக் குழாய் வாய்களைப் பாருங்கள். கீழ்ப்பகுதிச் செட்டைகளை விரலால் தடவுங்கள், உதிர்ந்தால் விட்டுவிடுங்கள். மடிப்போரத்தில் பச்சை அல்லது வெள்ளைப் பொருக்கு இருந்தால் அது ஏற்கெனவே ஒழுகியது. காசு கொடுக்குமுன் காற்று ஏற்றிச் சோதிக்கவும், ஒழுகினால் எத்தனை நாளுக்குள் திருப்பி எடுப்பார்கள் என்று பில்லில் எழுதித் தரவும் கேளுங்கள். மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

புதியது சந்தையில் கிடைக்காத அரிய மொடல் என்றாலும், பித்தளை ரேடியேற்றர் கிடைத்தாலும் றீகண்டிசன் நல்ல தெரிவு. புதியதுக்கும் இதற்கும் விலை வித்தியாசம் மூன்றில் ஒன்றுக்குக் குறைவாக இருந்தால் புதியதையே வாங்குங்கள்.

## புதியது

பிளாஸ்ரிக் தொட்டி வெந்துபோன கொரோலா, சனி, லான்சர், ஓல்ட்டோ வகைகளுக்கு எங்கள் தீர்ப்பு இதுதான். கம்பனிப் பெயர் போட்ட அசலை இந்த வயது வண்டிக்குத் தேட வேண்டியதில்லை, நல்ல மாற்றுத் தயாரிப்பு போதும். பொருந்துகிறதா என்பதில்தான் கவனம் வேண்டும். பழையதைக் கழற்றிக்கொண்டு கடைக்குப் போய் அருகருகே வையுங்கள்: கீழே நிற்கும் ஊசிகளின் இடைவெளி, விசிறிக் கவசத்தின் ஆணித்துளைகள், ஹோஸ் கழுத்தின் பருமன், மூடி வகை, கோரின் தடிப்பு. 16 மில்லிமீற்றர் கோரும் 26 மில்லிமீற்றர் கோரும் ஒரே மொடலுக்கு என்று விற்கப்படுவதுண்டு. பழையதைவிட மெல்லியதை வாங்காதீர்கள். ஓட்டோமற்றிக் வண்டிக்குக் கீழ்த்தொட்டியில் ஒயில் கூலர் குழாய் இரண்டு இருக்க வேண்டும். கொழும்பிலிருந்து பஸ்ஸில் பார்சலாக எடுத்தால் பெட்டியைப் பிரித்து, மூலையும் கழுத்தும் உடையாமல் வந்ததா என்று பார்த்துவிட்டே கையெழுத்திடுங்கள்.

மறைந்த செலவு பிறகு வரும். இத்தனை நாளும் ஒழுகியதால் அழுத்தம் முழுதாக ஏறாமல் இருந்தது. புது ரேடியேற்றர் பூட்டியதும் 0.9 பார் முழுவதும் பழைய ஹோஸ்களில் ஏறும், பழுதான மேல் ஹோஸ் வெடிக்கக்கூடும். ஆகவே மேல், கீழ் ஹோஸ் இரண்டையும், மூடியையும், தெர்மோஸ்ரற்றையும் (சூடேறியதும் திறந்து தண்ணீரை ரேடியேற்றருக்கு விடும் வால்வு) கூடவே மாற்றுங்கள். ஹோஸை அழுத்திப் பாருங்கள்: நொறுங்குவதுபோல் இருந்தாலும், வாயருகே பஞ்சுபோல் ஊதியிருந்தாலும் அதன் காலம் முடிந்தது.

தெர்மோஸ்ரற்றைப் பற்றி ஒன்று. சூடேறுகிறது என்று அதைக் கழற்றி எறிவது எங்கும் வழக்கமாகிவிட்டது. பல டொயோட்டா எஞ்சின்களில் தெர்மோஸ்ரற்றின் அடித்தட்டுத்தான் திறக்கும்போது சுற்றுவழியை மூடுகிறது. அது இல்லாவிட்டால் சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேற்றருக்குப் போகாமலே எஞ்சினுக்குள் சுற்றும். குளிரட்டும் என்று கழற்றியதே சூட்டுக்குக் காரணமாகும். ஐயம் இருந்தால் சட்டித் தண்ணீரில் போட்டுச் சூடாக்குங்கள். 82 என்று எழுதியது 82 பாகையளவில் திறக்கத் தொடங்கும், கொதிக்குமுன் முழுதாகத் திறக்க வேண்டும்.

## ரேடியேற்றர் அல்லாத ஒழுக்குகள்

ஹோஸ் வாயில் ஒழுகினால் கிளிப்பை இறுக்குவதற்கு முன் கழற்றி, குழாய்க் கழுத்தின் பொருக்கை உரசி எடுத்துவிட்டுப் பூட்டுங்கள். நீளம் இருந்தால் ஹோஸின் நுனியில் ஒரு சென்ரிமீற்றரை வெட்டிவிடலாம். வோட்டர் பம்பின் சிறு துளையால் சொட்டினால் உள்ளே சீல் போய்விட்டது, பம்பையே மாற்ற வேண்டும். டைமிங் பெல்ற் சுழற்றும் பம்ப் என்றால் பெல்ற்றையும் சேர்த்து மாற்றுங்கள், கூலி ஒன்றுதான். ஹீற்றர் கோர் போனால் இந்த வெக்கையில் அதைத் தேடி மாற்ற வேண்டியதில்லை: எஞ்சின் பக்கத்து இரண்டு ஹீற்றர் ஹோஸையும் ஒரே ஹோஸால் இணைத்துவிடுங்கள்.

## தண்ணீர்

கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கைப் பார்க்காத வீடு வன்னியில் இல்லை. அதே தண்ணீர்தான் எஞ்சினுக்குள்ளும் போகிறது. ஒழுகும் காரில் நிலைமை இன்னும் மோசம். ஒவ்வொரு தடவை ஊற்றும் தண்ணீரும் புதிதாகக் கல்சியத்தைக் கொண்டுவருகிறது, சூட்டில் அதில் ஒரு பங்கு உள்ளேயே படிகிறது. நாளுக்கு அரை லீற்றர் நிரப்பினால் பன்னிரண்டு நாளில் ஒரு கொரோலாவின் முழுக் கொள்ளளவான 6 லீற்றரையும் புதிதாக ஊற்றியதற்குச் சமம், அத்தனையின் சுண்ணாம்பிலும் ஒரு பங்கு உள்ளே சேர்கிறது. முல்லைத்தீவு, மன்னார்க் கரையோர உவர்க் கிணறுகளில் உப்பும் சேரும், அது அலுமினியத்தை அரிக்கும்.

அதனால் முதலில் கழுவுங்கள், பிறகு திருத்துங்கள். பழைய ரேடியேற்றரில் சுண்ணாம்பே சில துளைகளை அடைத்துக்கொண்டிருக்கும். ஈயம் பிடித்த பிறகு கழுவினால் அந்தத் துளைகள் திறந்து, திருத்தியவர் மேல் வீண்பழி விழும். ரேடியேற்றர் கழுவும் மருந்தை அதன் அளவுப்படி போட்டு ஓடவிட்டு, வெளியேறும் தண்ணீர் தெளியும் வரை இரண்டு மூன்று தடவை அலசுங்கள். பற்றரி அசிற் ஊற்றுவோர் உண்டு, அது எஞ்சினையே தின்னும்.

நிரப்புவதற்கு எது நல்லது? கலந்து வரும் கூலன்ற் கான் எல்லாவற்றிலும் இலகு, அதில் இன்னும் தண்ணீர் சேர்க்கக்கூடாது. செறிவான கூலன்ற் வாங்கிக் காய்ச்சி வடித்த தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலப்பது செலவு குறைவு. பற்றரித் தண்ணீர் வாங்கும்போது அசிற் அல்ல என்று லேபிளைப் பார்த்து உறுதி செய்யுங்கள். வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு எங்கும் விற்கும் ஆர்ஓ குடிதண்ணீரும் கலப்பதற்குப் போதுமான அளவு சுத்தம். மாரியில் முதல் மழைகள் கூரையைக் கழுவிய பின் பிடித்து, துணியில் வடித்த மழைத்தண்ணீரும் சரிவரும். வெறும் தண்ணீர், அது எவ்வளவு சுத்தமானாலும், துரு தடுக்காது. நமக்கு உறைபனிப் பயம் இல்லைதான், கூலன்ற் இங்கே தேவைப்படுவது துருவைத் தடுக்கவும் கொதிநிலையை உயர்த்தவும். 30 வீதத்துக்குக் கீழே போனால் அந்தப் பாதுகாப்புப் போய்விடும். பச்சையையும் சிவப்பையும் கலக்காதீர்கள். நிறம் வகைக்கு உத்தரவாதம் அல்ல, லேபிளே உத்தரவாதம்.

கூலன்ற் இனிக்கும், நஞ்சு. வடித்ததைத் திறந்த பாத்திரத்தில் வைத்தால் நாயோ கன்றோ ஆடோ குடித்துச் சாகும், சிறு பிள்ளைகளும் வாய் வைக்கக்கூடும். மூடிய கானில் அடைத்து வையுங்கள், கிணற்றடியில் ஊற்றாதீர்கள்.

## நிரப்பும் முறையும் பின்பார்வையும்

அலசிய பிறகும் எஞ்சின் புளொக்குக்குள் ஒன்றிரண்டு லீற்றர் தண்ணீர் நிற்கும். பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினால் கூலன்ற் பங்கு குறைந்துவிடும். 6 லீற்றர் கொள்ளும் வண்டிக்கு முதலில் 3 லீற்றர் செறிவை ஊற்றி, மீதியைத் தண்ணீரால் நிரப்புங்கள். கொள்ளளவை வண்டியின் கைநூலில் பாருங்கள். சிறிய கார்களுக்கு 4 லீற்றருக்குள் முடிந்துவிடும், டீசல் வான்களுக்கு 8 லீற்றருக்கும் மேல் வரலாம்.

வன்னியில் ஏற்றம் தேடுவது கடினம். முன்சக்கரம் இரண்டையும் ஒரு மேட்டிலோ தடித்த பலகையிலோ ஏற்றி முகம் உயர நிறுத்துங்கள். ஹீற்றரைச் சூட்டுப் பக்கம் திருப்பி, மூடி இல்லாமல் மெதுவாக ஓடவிட்டு, காற்றுக் குமிழி வரும்போதெல்லாம் நிரப்புங்கள். தெர்மோஸ்ரற் திறந்து கீழ் ஹோஸ் சூடாகி, மின்விசிறி இரண்டு தடவை ஓடி நின்றபின் மூடியைப் பூட்டுங்கள். காலபோக அறுவடை முடிந்த நாட்களில் வைக்கோல் தூசியும் புல்விதையும் செட்டைகளை அடைக்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து முன்னோக்கி, மெல்லிய அழுத்தத்தில் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். பிரஷர் வோஷர் செட்டைகளை மடித்துவிடும்.

மூன்றாம் நாள் காலை, எஞ்சின் ஆறியிருக்கும்போது, புது ஹோஸ் கிளிப்புகளை அரைச் சுற்று இறுக்கி, போத்தலில் இட்ட கோட்டைப் பாருங்கள். உள்ளே மிஞ்சிய காற்று வெளியேறியதால் முதல் கிழமையில் சிறிது இறங்கலாம், ஒரு தடவை நிரப்பினால் நின்றுவிடும். இரண்டாம் கிழமையிலும் இறங்கி, காட்போட் மட்டையும் காய்ந்தே இருந்தால், மூடியைத் திறந்து வைத்து ஸ்ரார்ட் செய்யும் குமிழிச் சோதனைக்குத் திரும்புங்கள்.